வாலூசி

ஏர்கன் இருக்கிற வீடு என்றால் எங்கள் பக்கத்தில் இரண்டில் ஒன்றாகத்தான் நினைப்பார்கள்: கவுதாரிக் கறி தின்கிற வீடு, இல்லையென்றால் வம்புக்கு நிற்கிற வீடு. திருச்சுழிப் பக்கம், குண்டாற்றுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த என் அம்மாச்சி வீட்டை இந்த இரண்டிலும் சேர்க்க முடியாது. அங்கே இருந்த துப்பாக்கி, தொழுவத்துச் சுவரில் மாட்டியிருந்த ஒரு சக்கரத்தைத் தவிர வேறு எதையும் சுட்டதில்லை. அதையும் ரவை போட்டுச் சுட்டதில்லை, வால் வைத்த ஊசி போட்டுத்தான். கடைக்காரர் அதை டார்ட் என்று சொல்லிக் கொடுத்தாராம். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அது வாலூசி ஆகிவிட்டது.

வாங்கி வந்தவர் என் தாய்மாமா. சிப்பாயாகப் போய் ஹவில்தாராகத் திரும்பியவர். எண்பதுகளின் நடுவில் அவர் பென்ஷனோடு ஊர் வந்து சேர்ந்தபோது, ராமநாதபுரத்திலிருந்து பிரிந்த எங்கள் பகுதிக்குக் காமராஜர் மாவட்டம் என்ற பெயர் புதிது, 1985-இல் வைத்தது. மாமாவுக்கு நிலம் இருந்தது, ஆனால் மானாவாரி. ஐப்பசி கார்த்திகையில் வானம் கண் திறந்தால் பருத்தி, கம்பு, மல்லி என்று ஏதாவது தேறும். பெய்யாவிட்டால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். வெள்ளாமை வீடு வந்து மாசி பிறந்துவிட்டால் அடுத்த உழவு வரைக்கும் ஆம்பிளைகளுக்குக் கையில் வேலை கிடையாது. வேப்பமரத்தடியில் ஆடுபுலி ஆட்டம், சீட்டு, கொஞ்சம் வம்பு. இருபது வருஷம் விசிலுக்கு எழுந்து விசிலுக்குப் படுத்த மனுஷனுக்கு அந்தச் சும்மா இருப்பது தாங்கவில்லை. மதுரைக்குப் பென்ஷன் விஷயமாகப் போனவர், டவுன்ஹால் ரோட்டில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் நுழைந்து, ஒரு நீளமான அட்டைப் பெட்டியோடு வெளியே வந்திருக்கிறார்.

அம்மாச்சி அந்தப் பெட்டியை வாசலிலேயே மறித்துவிட்டாள். அவளுக்குத் துப்பாக்கி என்ற பேச்சே ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. 1957-இல் முதுகுளத்தூர் கலவரம் நடந்தபோது அவள் கைக்குழந்தைக்காரி. ஊர் ஊராகப் போலீஸ் லாரி வந்ததையும், ஆம்பிளைகள் ராவெல்லாம் காட்டுக்குள் கிடந்ததையும், கீழத்தூவலில் போலீஸ் சுட்டு ஐந்து பேர் செத்த செய்தி வந்த அன்று எந்த வீட்டிலும் உலை வைக்காததையும் எங்களுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறாள். "அந்த எழவு என் வாசப்படி ஏறக் கூடாது" என்று நின்றாள். மாமா பதில் பேசவில்லை. பெட்டியைத் திண்ணையில் வைத்துத் திறந்து, குழலை மடக்கி, ஊசியைப் போட்டு, வைக்கோல் படப்பைப் பார்த்து ஒன்று சுட்டார். 'டப்' என்று ஒரு சத்தம், பூவரச மரத்துக் காக்கைகூட எழுந்திருக்கவில்லை. அம்மாச்சிக்கு அந்தச் சத்தத்தின் சிறுமை ஓரளவு திருப்தி தந்திருக்க வேண்டும். ஒரு நிபந்தனையோடு உள்ளே விட்டாள்: "உசுரு இருக்கிறதப் பாத்து இதத் தூக்கினா, தூக்கின கைக்கு இந்த வீட்டுல சோறு கிடையாது."

அந்த நிபந்தனைதான் எங்களைச் சக்கரத்தின் பக்கம் திருப்பியது.

துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ராஸ்டாட் என்ற ஊரில் 1890-இல் தொடங்கிய டயானா கம்பெனி உலகம் பூராவும் ஏர்கன் விற்றது. வேட்டைத் தேவதை டயானா வில்லையும் அம்பையும் கீழே போட்டுவிட்டு ஒரு ஏர்கன்னைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பதுதான் அவர்கள் முத்திரை. அவர்களுடைய 35-ஆம் மாடலைப் பார்த்து நம் நாட்டிலேயே செய்த ரகம் எங்களுடையது. கட்டை தேக்கு இல்லை, என்ன மரம் என்று தச்சாசாரியாலும் சொல்ல முடியவில்லை. குழலைப் பாதியில் மடக்கி, வயிற்றில் முட்டுக்கொடுத்து இழுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சுருங்கிக் 'கடக்'கென்று கொக்கியில் மாட்டும். விசையை அமுக்கும்போது ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை நெருக்க, அந்தக் காற்று ஊசியைத் தூக்கிக்கொண்டு போகும். வெடிமருந்து கிடையாது, நெருப்பு கிடையாது. சைக்கிள் பம்பின் வேலைதான், பல மடங்கு அவசரத்தில். பம்பில் இருப்பதைப் போலவே இதிலும் பிஸ்டன் தலையில் தோல் வாசர். அது காய்ந்தால் காற்று கசியும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகும், நான்கு சொட்டு விட்டால் நெருக்கிய காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றி, குழல் வாயில் புகை வந்து, 'டப்' என்பது 'டமார்' ஆகும். பையன்களுக்கு அந்தப் புகை பிடிக்கும் என்பதால் எண்ணெய்ப் புட்டியை மாமா தன் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

ரவை என்பது ஈயம், இடுப்புச் சிறுத்த சின்னக் குப்பி வடிவத்தில் இருக்கும். பட்டதும் நசுங்கிவிடும், மறுபடி உதவாது. ஒரு டப்பா தீர்ந்தால் மறுபடி மதுரைக்குப் போக வேண்டும். மாமா கணக்குப் போட்டார்: ஒவ்வொரு 'டப்'புக்கும் காசு. டார்ட் அப்படி இல்லை. எஃகு முனை, விரல்நகம் அளவுக்கு உடம்பு, பின்னால் சிவப்பிலோ பச்சையிலோ மயிர்க்கற்றை. பலகையில் குத்தி நிற்கும். பிடுங்கி மறுபடி சுடலாம். எஃகு ஊசி குழலுக்குள் இருக்கும் மரைவரிகளைத் தேய்த்துவிடும் என்று விவரம் தெரிந்தவர்கள் எச்சரிப்பார்கள், அது உண்மைதான். வாலூசி ரவையளவு குறி தவறாமல் போகாது என்பதும் உண்மைதான். இதை யாரோ மாமாவிடம் சொன்னபோது அவர், "குழலு தேயாம வச்சு என்ன செய்ய, பூசையறையில மாட்டவா?" என்றார்.

சுடுபலகை அமைந்த கதை நீளமானது. முதலில் சிவகாசிக் காலண்டர் அட்டை. ஊசி அதைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் இருந்த கல்லில் முனை மழுங்கியது. அடுத்தது பனஞ்சட்டத்தில் அறுத்த பலகை. நன்றாக முற்றிய பனை இரும்பு என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் மாமா நம்பிச் சுட்டார். ஊசி பட்ட வேகத்தில் திரும்பி வந்து அவர் காதோரம் 'விர்'ரென்று போனது. அன்றைக்கே பலகை அடுப்புக்குப் போயிற்று, அன்றிலிருந்து சுடுகிறவர் கண்ணாடி போட வேண்டும் என்ற சட்டம் வந்தது. பட்டாளத்தில் தூசிக்குக் கொடுத்த கண்ணாடி ஒன்றும், மாமா பஸ்ஸில் போகும்போது போடுகிற கூலிங் கிளாஸ் ஒன்றும் வீட்டில் இருந்தன. கண்ணாடி போடாதவர் முற்றத்திலேயே நிற்கக் கூடாது.

கடைசியில் அமைந்தது நாடாச் சக்கரம். நாடாக் கட்டில் ஒன்று இற்று விழுந்திருந்தது. அந்தப் பழைய நாடாவையெல்லாம் பிரித்து, துவைத்து, காய வைத்து, நடுவில் ஒரு குச்சியை வைத்து இறுக்கிச் சுற்றினார் மாமா. சுற்றச் சுற்ற வட்டம் பெருகியது. அதைப் பிடித்து நிறுத்த வளையம் வேண்டுமே. திருச்சுழியில் வாடகை சைக்கிள் கடையில் அரை சைக்கிளின் பழைய ரிம் ஒன்று கிடைத்தது. கம்பிகளைக் கழற்றி, சுருளை அதற்குள் திணித்து, இடைவெளியில் சணல் சாக்கைச் செருகி அடித்தார். ஊசி நாடாவின் விளிம்புகளுக்கு இடையில் நுழைந்து நிற்கும், பிடுங்கினால் நூல் தானாக மூடிக்கொள்ளும். ஆயிரம் குத்து வாங்கினாலும் சக்கரத்தில் ஓட்டை தெரியாது. நீலப் பொடியும் செங்காவியும் கரைத்து அதன்மேல் ஐந்து வளையம் போட்டோம். நடுப்பொட்டு மட்டும் அம்மாச்சியின் குங்குமம்.

அதை மாட்டிய இடமும் யோசித்துச் செய்தது. வீட்டுச் சுவர் கல், தொழுவத்துச் சுவர் மண். சக்கரத்தைத் தவறவிட்ட ஊசி கல்லில் பட்டால் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. மண்சுவரில் பட்டால் அதிலேயே புதைந்துவிடும், கத்தி முனையால் நோண்டி எடுக்கலாம். மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிய பிறகு, பத்து மணியிலிருந்து பொழுது சாயும்வரை தொழுவம் எங்களுக்கு. பட்டாசாலை நிலைப்படியிலிருந்து முற்றத்தைத் தாண்டிச் சுவர்வரை மாமா பட்டாளக் காலடியால் அளந்தார், ஏறக்குறைய 20 அடி. சாய்வதற்குப் பருத்திக்கொட்டை நிரப்பிய சின்னச் சாக்கு. மணல் மூட்டை ஆகாது என்பார். ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் துள்ளும். இரண்டு துள்ளலும் முடிவதற்குள்தான் ஊசி குழலை விட்டு வெளியே போகிறது. இறுக்கிப் பிடித்தால் துள்ளல் கோணிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம். மெத்தென்ற பருத்திக்கொட்டையின் மேல் இடது கையைப் படுக்க வைத்து, அந்தக் கையின் மேல் துப்பாக்கியைச் சும்மா கிடத்தினால் அது ஒரே மாதிரி துள்ளும். "பட்டாளத்து .303-ஐப் பிடிக்கிற பிடியை இதுகிட்டக் காட்டாத. அது குதிரை, இது கன்னுக்குட்டி."

வாலூசிகளின் வால் சீக்கிரம் கொட்டிப்போகும். அந்த வால்தான் குழலுக்குள் காற்றை அடைத்துப் பிடிக்கிறது, வெளியே வந்ததும் ஊசி தலைகுப்புற உருளாமல் நேராகப் போக வைப்பதும் அதுதான். வால் மெலிந்த ஊசி குறுக்காகப் போய்ச் சக்கரத்தில் பட்டுக் கீழே விழும். புது டப்பா வாங்க மாமாவுக்கு மனசில்லை. அங்கேதான் அருப்புக்கோட்டைக்காரனான நான் பயன்பட்டேன்.

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் பாதி வீடுகளில் தறி. காலையில் எழுந்தால் தறிச் சத்தம், படுக்கும்போதும் அதே சத்தம். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா தறியில் அறுந்து விழுந்த துண்டு நூலையெல்லாம் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருப்பார். அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து என்று அந்த வருஷத்துச் சேலைகளின் நிறமெல்லாம் அதில் இருக்கும். பள்ளிக்கூடம் அடைத்ததும் அந்த நூலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு திருச்சுழி பஸ் ஏறுவேன்.

வால் கட்டுவது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் வேலை. ஊசியின் பின்காம்பைச் சுற்றி நூல் இழைகளை நெருக்கமாகப் படுக்க வைத்து, நடுவில் மெழுகு தடவிய நூலால் இறுக்கி முடிச்சிட வேண்டும். பிறகு முன்பக்கம் இருக்கும் பாதி இழைகளைப் பின்னால் மடித்துவிட்டு, விரலால் கோதி, நுனியைச் சமமாக வெட்ட வேண்டும். கனம்தான் சூட்சுமம். மெலிந்தால் காற்று ஓடிவிடும். தடித்தால் ஊசி குழலிலேயே சிக்கிக்கொள்ளும், பிறகு சைக்கிள் கம்பியை வாய் வழியாக விட்டுத் தள்ளி எடுக்க வேண்டும். சரியான வால் குழலுக்குள் போகும்போது கட்டைவிரலுக்கு லேசான எதிர்ப்புத் தெரியும். சிவப்பு மாமாவுக்கு, பச்சை எனக்கு, மஞ்சள் மதினிக்கு. சக்கரத்தில் எந்த நிறம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும், யார் என்ன லட்சணம் என்று பஞ்சாயத்து இல்லாமல் தெரிந்துவிடும்.

மதினி மாமாவின் மூத்த மகள். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தார். முதலில் எங்கள் கூச்சலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "மாப்ள, தள்ளுங்க" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாவணி முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, சாக்கின் மேல் கையை வைத்தார். சுடுவதற்கு முன் எங்களைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டார். மாமா எங்களுக்குத் தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக் கொடுத்ததெல்லாம், மூச்சைப் பாதி விட்டு நிறுத்து, விசையை இழுக்காதே, மெல்ல அமுக்கு, சுட்ட பிறகும் குறியிலிருந்து கண்ணை எடுக்காதே என்பதெல்லாம், அவருக்குச் சொல்லாமலே வந்தன. ஊசியில் நூல் கோக்கிறவர்களுக்கு மூச்சை நிறுத்தத் தெரியும் என்று மாமா அதற்கு விளக்கம் சொன்னார். எனக்கு வேறு ஒரு காரணம் தோன்றுகிறது: பையன்கள் நாங்கள் சத்தத்துக்காகச் சுட்டோம், மதினி பொட்டுக்காகச் சுட்டார். கொஞ்ச நாளில் மஞ்சள் வால்கள் ஒரு வெற்றிலைக்குள் அடங்க ஆரம்பித்தன. எங்கள் பச்சையும் சிவப்பும் சக்கரம் முழுக்க மேய்ந்துகொண்டிருந்தன.

நாங்கள் அப்படிச் சுட்டதற்குப் புத்தகங்களும் சினிமாவும் காரணம். சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் இடுப்பிலிருந்து உருவிச் சுடுவார். டென்ட் கொட்டகையில் கர்ணன் எடுத்த பழைய குதிரைப் படம் ஒன்றில் ஜெய்சங்கர் தொப்பியை ஒதுக்கிவிட்டுச் சுடுவார். நாங்களும் இடுப்பிலிருந்து ஒரு கை பார்த்தோம். மாமா துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டார். அன்றைக்கு முழுக்கக் கிடைக்கவில்லை. எங்கள் தெருக்காரர்களுக்குத் துப்பாக்கி என்றால் உடனே எம்.ஜி.ஆர். கழுத்தில் பாய்ந்த குண்டு ஞாபகத்துக்கு வரும். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்டது. அந்தக் காயத்தால் மாறிப்போன குரலோடுதான் அவர் 1977-இல் அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்து முதலமைச்சர் ஆனார். மைக்கில் அவர் பேசியது பாதி புரியவில்லை, ஆனாலும் முழுக்கக் கேட்டோம் என்று அப்பா சொல்வார்.

பங்குனிப் பொங்கலுக்கு அருப்புக்கோட்டையில் பொருட்காட்சி போடுவார்கள். மாமா குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில் தங்குவார். ராட்டினம், அப்பளம், மரணக் கிணறு எல்லாம் முடிந்து கடைசியில் பலூன் சுடும் கடை. பலகையில் வரிசை வரிசையாகப் பலூன், முன்னால் மேசையில் இரண்டு மூன்று ஏர்கன். அந்தத் துப்பாக்கிகளின் முன்குறி ஒன்றும் நேராக இருக்காது. பல கைகள் பட்டு வளைந்தவையோ, வளைத்து வைத்தவையோ. மாமா முதல் ரவையைப் பலூனைப் பார்த்துச் சுடமாட்டார். இரண்டு பலூனுக்கு நடுவில் வெறும் பலகையில் ஒரு கறையைக் குறிவைத்துச் சுட்டு, ஓட்டை எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பார். இடது பக்கம் இரண்டு விரற்கடை போகிறது என்றால் அடுத்ததை வலது பக்கம் அவ்வளவு தள்ளிப் பிடிப்பார். கடைக்காரர் காசு போச்சே என்று பரிதாபமாகப் பார்ப்பார், அடுத்த வரிசை முழுக்க வெடித்த பிறகு பார்வை மாறும். ஒரு வருஷம் மாமா துப்பாக்கியை மதினி கையில் கொடுத்தார். கூட்டம் கூடிவிட்டது. தாவணி போட்ட பெண் சுடுகிறாள் என்பதற்காகக் கூடிய கூட்டம், கொஞ்ச நேரத்தில் பலூனை எண்ண ஆரம்பித்தது. பரிசாகக் கிடைத்த பிளாஸ்டிக் சோப்பு டப்பா வெகுநாள் எங்கள் குளியலறையில் இருந்தது.

வெளிநாட்டு டார்ட் போர்டை நான் பார்த்தது பல வருஷம் கழித்துச் சென்னையில், ஒரு நண்பர் வீட்டில். கையால் எறிகிற விளையாட்டுக்கானது. ஓரம் பூராவும் 1 முதல் 20 வரை எண்கள், வரிசையில் இல்லாமல் கலைந்து கிடந்தன. 20-க்கு ஒரு பக்கம் 1, மறுபக்கம் 5. பெரிய எண்ணுக்கு ஆசைப்பட்டுக் கை நடுங்கினால் சின்ன எண்தான் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நடுப்பொட்டு தரையிலிருந்து 5 அடி 8 அங்குலம், எறிகிற கோடு 7 அடி 9¼ அங்குலத் தூரத்தில். எனக்கு எண்களைவிடப் பலகையின் மேல்தான் கண் போனது. விரலால் தடவிப் பார்த்தேன். கத்தாழை நார்! நாரைக் கட்டுக்கட்டாக நெருக்கி, நுனி வெளியே தெரிய அமுக்கி வெட்டியிருந்தார்கள். 1930-களில் லண்டனில் இந்த முறை வந்ததாம், நார் ஆப்பிரிக்காவின் கென்யாவிலிருந்து போகிறது. விருதுநகரிலிருந்து மானாமதுரை போகும் ரயில் பாதையோரத்தில் யாரும் சீந்தாமல் நின்றிருந்த ரயில் கத்தாழையும் அந்தச் சாதிதான். ஊசி நுழைய வழிவிட்டு, பிடுங்கினால் மூடிக்கொள்ளும் சூட்சுமமும் மாமாவின் நாடாச் சக்கரத்தில் இருந்த அதே சூட்சுமம்தான். இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்துச் சாராயக் கடைகளில் ஏர்கன்னால் சுடும் பந்தயமும் நூறு வருஷத்துக்கு மேலாக உண்டு. இரும்புத் தட்டின் நடுவில் சிறு ஓட்டை, அதற்குள் ரவை போனால் பின்னால் மணி அடிக்கும்.

அம்மாச்சியின் நிபந்தனைக்குச் சோதனை வராமல் இல்லை. மல்லிக் காட்டில் மயில் இறங்குகிறது, ஒருநாளைக்குக் கொடுங்கள் என்று கேட்டு வருவார்கள். கருவேலங்காட்டில் கவுதாரி கத்துகிற காலத்தில் சொந்தக்காரர்களே வந்து நிற்பார்கள். மயில் 1963-இலிருந்து தேசியப் பறவை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1991 திருத்தம் வேட்டையை ஏறக்குறைய முழுசாக மூடிவிட்டது. மாமா சட்டமெல்லாம் பேசமாட்டார். "இதுல ரவை கிடையாது மச்சான், வாலூசிதான். மயிலுக்கு அது கூச்சங்கூடக் காட்டாது" என்று சிரித்து அனுப்பிவிடுவார். அது முழுப் பொய். 20 அடியில் நாடாவுக்குள் ஒரு விரற்கடை இறங்குகிற எஃகு ஊசி ஒரு பறவையை என்ன செய்யும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், எங்களுக்கும் தெரியும். கேட்டு வந்தவர்களையும் குறை சொல்ல முடியாது, குறி பார்க்கிற பழக்கம் எங்கள் சீமைக்குப் புதிதில்லை. பக்கத்துச் சிவகங்கையில் சின்ன மருதுவிடம் 1795-இல் வளரி என்ற வளைதடியை எறியக் கற்றுக்கொண்டதை ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். சில வருஷத்தில் அதே மருதுவை எதிர்த்து அவரே படையோடு வந்தார் என்பது வேறு விஷயம்.

எங்கள் சக்கரம் நின்றது 1997-இல். வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அமைத்ததை ஒட்டி அந்த வருஷம் எங்கள் மாவட்டத்தில் சாதிக் கலவரம் மூண்டது. பஸ் ஓடவில்லை, சாயங்காலம் ஆனால் கதவடைப்பு. அரசாங்கம் கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது அப்படித்தான். அந்த நாட்களில் ஒரு ராத்திரி மாமா துப்பாக்கியை எண்ணெய்த் துணியில் சுற்றி ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். லைசென்ஸ் கேட்காத துப்பாக்கிதானே, ஊரறிய வைத்திருந்ததுதானே என்று நான் கேட்டேன். "தூரத்துல இருந்து பாக்கிறவனுக்கு இது வாலூசின்னா தெரியப் போகுது? குழலு மட்டுந்தான்யா தெரியும்" என்றார். அம்மாச்சி அப்போது உயிரோடு இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது வருஷத்துக்கு முந்தி வந்த லாரிகளை நினைத்துக்கொண்டாளோ என்னவோ. மதினிக்கு அதற்கு முன்பே கல்யாணமாகி, கமுதிப் பக்கம் போய்விட்டார். மாமா போன பிறகு பெட்டி மதினி வீட்டுக்குப் போனது. ஸ்பிரிங் தொய்ந்து, தோல் வாசர் இற்றுப்போய், இப்போது அது சுடாது.

2008 ஆகஸ்ட் 11 அன்று பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியபோது மதினி எனக்குப் போன் செய்தார். தனி ஆளாக இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கம். "ஏர்கன்னாமே மாப்ள, நம்ம மாதிரி மடக்குற துப்பாக்கியா?" இல்லை, அதில் முன்கூட்டியே அடைத்த காற்று, துள்ளலே கிடையாது என்று சொன்னேன். தூரம் எவ்வளவு என்று கேட்டார். 10 மீட்டர். நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர், பேனா முள்ளால் வைத்த புள்ளி. கொஞ்ச நேரம் பேச்சில்லை. "முத்தத்தைவிடப் பன்னெண்டு பதிமூணு அடிதானே கூட" என்றார்.

அந்தக் கணக்கு என் மனசில் கிடக்கிறது. 10 மீட்டர் என்பது ஏறக்குறைய 33 அடி. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக்குக்குள் வந்த இந்தப் போட்டிக்கு அவ்வளவு இடம் போதும். 2012-இல் லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் சென்னையில் பிறந்தவர். அவருடைய பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்டார். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வாய்ப்பு வேண்டுமென்றால் இன்றைக்கும் மதுரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடங்களில் விளையாட்டு என்றால் மைதானத்தைத்தான் நினைக்கிறார்கள். மைதானம் என்றால் புல், புல்லென்றால் தண்ணீர். சித்திரை வெயிலில் எங்கள் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், ஓடுகிற பிள்ளையின் கால் உள்ளே போய்விடும். சுடுகிற விளையாட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். நிழலான நீள வராந்தா ஒன்று, கோடியில் மண்ணோ மணல் மூட்டையோ வைத்துக் கட்டிய தடுப்பு, ரவையைப் பிடிக்க இரும்புப் பெட்டி, கண்ணுக்குக் கண்ணாடி, சொன்னால் கேட்க வைக்கிற ஒரு ஆள் இருந்தால் போதும். அந்த ஆளுக்கு எங்கள் ஊர்களில் பஞ்சமில்லை, ஓய்வுபெற்ற ஹவில்தார்கள் இருக்கிறார்கள். 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கும் 4.5 மில்லிமீட்டர் குழலுக்கும் உட்பட்ட ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. துப்பாக்கி பள்ளியின் பீரோவில் பூட்டியே இருக்கட்டும், வீட்டுக்கு வர வேண்டாம். தலைமை ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரும் இதை ஒருமுறை பேசிப் பாருங்கள். ஆரம்பித்தால், முதல் வரிசையில் பெண்பிள்ளைகளை நிறுத்துங்கள்.